கோடு விழாத போல்ட்

அத்தியாயம் ஏழு

“சார், கண்ணத் தொறங்க. பானெட்டு தொறந்து அஞ்சு நிமிஷம் ஆவுது. நீங்க இன்னாடான்னா சந்நிதியில நிக்கற மாதிரி நின்னுக்கினு கீறீங்க.”

ரத்னா சொன்னதில் பொய்யில்லை. வனமாமலை கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றிருந்தார். காவல் நிலையத்தின் பின்புறம், சீமைக் கருவேல மரத்தடியில், மூக்கு நசுங்கிய அந்த வெள்ளை டீசல் கார் பதினெட்டு நாளாகக் கிடந்தது. முதல் நாளே அவர் திறந்திருக்க வேண்டிய பானெட். இன்றைக்குத்தான் திறந்திருக்கிறார்.

“தொறந்துட்டேம்மா,” என்றார்.

“பானெட்டையா, கண்ணையா?”

“ரெண்டையும்.”

விஷயம் இதுதான். குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சண்முகசுந்தரம் என்ற இளைஞன் தன் பழைய காரில் வடக்குப்பட்டு கூட்டு ரோடு பக்கம் போயிருக்கிறான். திடீரென்று எஞ்சின் தானாக அலறத் தொடங்கியது. வெள்ளைப் புகை கண்ணை மறைத்தது. சாவியைத் திருப்பி அணைத்தும் எஞ்சின் நிற்கவில்லை. பயத்தில் கிளட்ச் எது, பிரேக் எது என்று காலுக்கு மறந்துபோய், வண்டி பஸ் நிறுத்தத்துக்குள் ஏறிவிட்டது. கம்பெனி பஸ்ஸுக்காக அங்கே நின்றிருந்த சுப்பராயனுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

அந்தச் சின்னக் காருக்குள் பெரிய ஜீப்பின் டர்போ ஒன்றை யாரோ பொருத்தியிருந்தார்கள். யார் பொருத்தியது என்று கேட்டதற்குச் சண்முகசுந்தரம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்தபடி ஒரு பெயர் சொன்னான்: வடக்குப்பட்டு மெக்கானிக் தணிகாசலம். இன்சூரன்ஸ் கம்பெனி, உண்மையைக் கண்டுபிடித்துத் தரும்படி வனமாமலையை அமர்த்தியது. ரத்னா போய் விசாரித்தாள். தணிகாசலத்தின் ஷெட்டில் அந்தக் கார் நின்றதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள் என்றாள். போதாதா? வனமாமலை அன்று மாலையே அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மறுநாள் தணிகாசலத்தைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

நேற்று மாலை தணிகாசலத்தின் மனைவி தாயாரம்மாள், ஸ்ரீபெரும்புதூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் அவருடைய ஆபீசுக்குப் படியேறி வந்தாள். அழவில்லை. சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நீங்க அந்த வண்டிய தொட்டுப் பாத்தீங்களா ஐயா?”

ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் தரச் சோதகராக இருந்தவர் வனமாமலை. அவர் பார்க்காத சாமான் வாசலைத் தாண்டாது என்று பெயர். அப்படிப்பட்டவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி சோறு இறங்கவில்லை. நாளைக் காலை பத்தரைக்குத் தணிகாசலத்தின் ஜாமீன் மனு வருகிறது. அவருடைய அறிக்கை அப்படியே நின்றால் ஜாமீன் கிடையாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

“ஏட்டு பத்து நிமிஷம்தான் குடுத்தாரு. அதுல பாதிய நீங்க தியானத்துல கழிச்சிட்டீங்க,” என்றாள் ரத்னா. பிள்ளைப்பாக்கத்துக்காரி. இங்கே வருவதற்கு முன் டர்போ கம்பெனி ஒன்றின் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தவள். பையைத் துழாவுகிற கையும், ஆளைத் துழாவுகிற வாயும் அங்கே படித்தவை.

“டார்ச்சைப் பிடி. ஃபோட்டோ எடுத்துக்கோ. எடுத்தப்புறம்தான் நான் தொடுவேன்.”

“இந்த டர்போன்னா இன்னா சார்? கேட்டுல பெட்டியாத்தான் பாத்திருக்கேன். மத்தபடி வண்டி பின்னாடி எழுதியிருப்பான், அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

“எஞ்சின் விடுற புகையை வச்சே ஒரு விசிறியைச் சுத்தவிட்டு, எஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்கிற சாமான். இது இன்னும் கெட்டிக்கார வகை. உள்ள சின்னச் சின்ன இதழ் இருக்கும். மெதுவாப் போனா மூடிக்கிடும், வேகமாப் போனா விரிஞ்சுக்கிடும்.”

“தாமரப் பூன்னு சொல்லுங்க.”

“தாமரைதான். ஆனா குளத்துத் தாமரையைக் கொண்டாந்து டம்ளர்ல செருகியிருக்கு, பாரு. இடம் பத்தாம தகட்டைச் சுத்தியலால அடிச்சு உள்ள தள்ளியிருக்காங்க.”

அவர் குனிந்தார். டார்ச் வெளிச்சம் ஒரு போல்ட்டில் நின்றது. அடுத்ததில் நின்றது. அப்புறம் அவர் நிமிரவே இல்லை.

“இன்னா சார்?”

“பச்சைக் கோடு.”

“ஆமா. எதுனா கொயந்த மார்க்கர் வச்சிக் கிறுக்கியிருக்கும்.”

“கிறுக்கல் இல்லம்மா இது. கம்பெனியில லைன்ல நின்னு போல்ட் பூட்டுறவங்க கையில அளவு ரென்ச் இருக்கும். சரியான முறுக்கு வந்ததும் ‘டிக்’னு ஒரு சத்தம் கேக்கும். கேட்டப்புறம், போல்ட் தலையிலேருந்து கீழ இருக்கிற உடம்பு வரைக்கும் ஒரு கோடு இழுக்கணும். அப்புறம் போல்ட் அசைஞ்சா கோடு உடைஞ்சு காட்டிக்குடுத்துரும். கோடு இருந்தா வேலை முடிஞ்சுது. இல்லன்னா முடியலை. அடுத்தாப்புல சோதிக்க வாரவன் பக்கத்துல ஒரு புள்ளி வைப்பான்.”

“புள்ளி வெக்கறது யாரு?”

“நான்தான். இருபத்தாறு வருஷமா.” சொல்லும்போதே அவர் குரல் கிணற்றுக்குள் இறங்கியது. “தணிகாசலம் கோடு போடுற ஆளா?”

“அவரா? அவரு ஷெட்டுல கோடுன்னா பொண்டாட்டி வாசல்ல போட்டாத்தான் சார்.”

வனமாமலை இன்னும் உள்ளே தலையை நுழைத்தார். புகை போகும் சூடான பக்கத்தில் கோடுகள் கருகிப் பழுப்பாகியிருந்தன. காற்று வரும் பக்கத்தில் பச்சை பளிச்சென்று இருந்தது. இதழ்களை அசைக்கிற கம்பியின் ஓரத்தில், கடுகளவு திருகு ஒன்று. அதிலும் ஒரு கோடு, மயிரிழை போல.

“இந்தத் திருகைத் தெரு மெக்கானிக் யாரும் தொடமாட்டான். இது எதுக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. இதைத் தினம் தொடுற ஆளுதான் இதுலயும் கோடு போடுவான். டர்போ செய்யுற கம்பெனி ஆளு. போட்ட ஆளுக்குத் தான் போட்டதே தெரிஞ்சிருக்காது, ரத்னா. கை தானாப் போட்டிருக்கும்.”

“புள்ளி?”

“ஒண்ணு கூட இல்ல. யாரும் சோதிக்கலை.”

விரலால் எண்ணிக்கொண்டே வந்தவர் கடைசியில் ஒரு போல்ட்டில் நின்றார். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவருகிற குழாயின் போல்ட். கறுப்பாக, எண்ணெய் பிசுக்காக, வெறுமையாக இருந்தது. கோடே இல்லை. இரண்டு விரலால் லேசாகத் தொட்டார். சுற்றியது.

“ஐயோ,” என்றாள் ரத்னா.

“இது வழியாத்தான் டர்போ அச்சுக்கு எண்ணெய். இது ஒழுகினா அச்சு காய்ஞ்சு தேஞ்சு, எண்ணெயைத் தடுக்கிற சீல் போயிரும். அப்புறம் எஞ்சின் தன் எண்ணெயைத் தானே உறிஞ்சி ஓட ஆரம்பிச்சிரும். டீசலும் வேண்டாம், சாவியும் வேண்டாம்.”

“குடிகாரன் வூட்டுப் பாத்திரத்த வித்துக் குடிக்கற மாதிரி.”

“அதே மாதிரிதான். பாத்திரம் தீருற வரைக்கும் நிக்காது.”

ஏட்டு வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

ரத்னாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது வனமாமலை கணக்குப் போட்டார். பானெட்டைத் திறந்து பார்க்க ஆன நேரம் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்ததற்கு ஒரு மனுஷன் பதினாறு நாளாகக் கம்பி எண்ணுகிறான்.

“நானும்தான சார் சொன்னேன்,” என்றாள் ரத்னா, திரும்பாமலே. “கார் நின்னுதுன்னு கேட்டேன். எதுக்கு நின்னுதுன்னு கேக்கல. பாதி கேட்டுட்டு ஓடியாந்தேன்.”

“கையெழுத்து என்னோடது.”

“வாய் என்னோடது.”

அதற்குமேல் இருவருக்கும் பங்கு பிரிக்கத் தோன்றவில்லை.

வடக்குப்பட்டில் தணிகாசலத்தின் ஷெட் ஷட்டர் பாதி இறக்கிக் கிடந்தது. தாயாரம்மாள் உள்ளே பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, யாரும் கேட்காத ஸ்பேனர்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“தொட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன் தாயி. உம் வீட்டுக்காரர் கை படலை அதுல.”

“அத்த நான் அன்னிக்கே சொன்னேன். பொம்பள சொன்னா எந்த ஆபீசுல எழுதிக்கறாங்க?”

“கார் இங்க வந்துதா இல்லியாக்கா?” என்று ரத்னா தரையில் குந்தினாள்.

“வந்துது. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமா வந்தாங்க. டிக்கியில இம்மாம் பெரிய டர்போ. புதுப்பேட்டையில பழசு வாங்கனதாம். என் வூட்டுக்காரரு சுத்திச் சுத்திப் பாத்துட்டு, ‘தம்பி, இது ஆவாது. இந்த எஞ்சினுக்கு இது கூடவே கூடாது. உன் பழசையே ரிப்பேர் பண்ணிக் குடுக்கறேன்’னாரு. அந்தப் பையன் சரின்னுதான் நின்னான். அந்தப் பொண்ணுக்குத்தான் மூஞ்சி சுண்டிப் போச்சு. வண்டிய எட்த்துக்கினு போயிட்டாங்க. ஒரு மணி நேரம் நின்னிருக்கும் வண்டி. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இவரு உள்ள கீறாரு.”

வனமாமலை தலையைக் குனிந்துகொண்டார்.

ரத்னா மட்டும் ஷட்டரின் உள்பக்கக் கொக்கியைப் பார்த்தாள். பழுப்புக் காகிதப் பைகள் ஏழெட்டு, மடித்த வாய் பிரிக்காமல், வரிசையாகத் தொங்கின.

“இது இன்னாக்கா? கடை எதுனா வெச்சிருக்கியா?”

“எவனோ, எவளோ. பத்து நாளா காலையில வந்து வெளிய மாட்டிட்டுப் போறாங்க. மொத நாளு பிரிச்சேன். பன்னு, கடலை முட்டாயி, பால் பாக்கெட்டு. அப்புறம் பிரிக்கல. பேர் சொல்லாம குடுக்கற சோறு என் தொண்டையில எறங்காது.”

ரத்னா ஒரு பையை எடுத்தாள். முகர்ந்தாள். அடியில் பதித்திருந்த தேதி முத்திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் பழைய கேட் செக்யூரிட்டி வந்து உட்கார்ந்தாள்.

“சார். இது டர்போ கம்பெனி கேன்டீன் பை. செகண்ட் ஷிப்டுக்கு மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தருவாங்க. வெளிய எடுத்துக்கினு போவக் கூடாது. நானே எத்தினி பேரு பையிலேருந்து புடுங்கியிருக்கேன் தெரியுமா? பன்னு திருடனுங்கன்னு தனி நோட்டே இருந்துது.”

“அப்போ ஒருத்தன் பத்து நாளா தன் பங்கைத் தின்னாம, ராத்திரி கேட்டுல மாட்டிக்கிடாம வெளிய கொண்டுவந்து, காலையில இங்க மாட்டுதான்.”

“தப்பு பண்ணவன் வவுத்துல பன்னு எறங்காது சார்.”

“பச்சை மார்க்கர் எந்த ஷிப்ட்டு? கேட்டுச் சொல்லு.”

ரத்னா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். அவளோடு அந்தக் கேட்டில் நின்ற, இன்னும் அங்கேயே இருக்கிற பகலவன் எடுத்தான்.

“அண்ணே, உங்க கம்பெனியில லைன்ல பச்ச கலர் மார்க்கர் யாரு வெச்சிருப்பாங்க?”

“எதுக்கும்மா? கோலம் போடப் போறியா?”

“உனக்கு மீச வரையப் போறேன். சொல்லுண்ணே.”

“ஃபர்ஸ்ட்டு மஞ்ச, செகண்டு பச்ச, நைட்டு வெள்ள. ஏன், எதுனா பிரச்சினையா?”

“பிரச்சினை தீர்ந்துக்கினு கீது,” என்று ரத்னா வைத்துவிட்டாள். “செகண்டு ஷிப்டு. சண்முகசுந்தரத்துக்கு அங்க ஒரு தோஸ்து கீறான். அவனக் காப்பாத்தத்தான் இந்தப் பாவப்பட்ட மனுசன் பேரச் சொல்லியிருக்கான். வாங்க சார், பென்னலூருக்கு. வாயப் புடுங்கிடலாம்.”

தாயாரம்மாள் அப்போதுதான் எழுந்தாள்.

“ஐயா. நாளைக்குப் பத்தரைக்கு.”

“தெரியும் தாயி.”

“தெரிஞ்சா சரி,” என்று மறுபடியும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள்.

பென்னலூரில் ஒரு மாடி வீட்டின் பக்கவாட்டில், தகரம் போட்ட இரண்டு அறையில் சண்முகசுந்தரம் குடியிருந்தான். கதவு திறந்திருந்தது. இடது காலில் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அலுமினிய வாக்கர். மணி பன்னிரண்டே முக்கால்.

“நான்தான் அன்னைக்கே சொல்லிட்டேனே சார். தணிகாசலம்தான் மாட்டினாரு.”

“எங்க வச்சு மாட்டினாரு?”

“அவரு ஷெட்டுல.”

“எத்தனை நாள்?”

“ரெண்டு… மூணு நாள்.”

“ஒரு மணி நேரம்னு ஊரே சொல்லுது தம்பி,” என்றாள் ரத்னா. “அதுக்குள்ள டர்போ மாட்டறவரா இருந்தா அவருக்கு ஜெயிலு இல்ல, சிலையே வெக்கணும். உன் தோஸ்து பேரு இன்னா?”

“எந்த தோஸ்து?”

“டர்போ கம்பெனி, செகண்டு ஷிப்டு. பச்ச மார்க்கரு. அவன் பேரு.”

சண்முகசுந்தரம் வாக்கரைப் பிடித்தான். எழுந்திருக்கப் பார்த்தான். மடியிலிருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது. அதை எடுக்க வனமாமலை குனிந்தார்.

குனிந்தவர் மறுபடி நிமிரவில்லை.

வாக்கரின் கால்களைச் சட்டத்தோடு சேர்க்கிற இடத்தில் நான்கு திருகுகள். நான்கிலும், தலையிலிருந்து அலுமினியம் வரைக்கும் நேராக, பச்சைக் கோடு. ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் பச்சைப் புள்ளி. ஒன்றல்ல. அவர் எண்ணினார். ஒன்பது. அடுத்த திருகிலும் ஒன்பது.

“இந்த வாக்கர் வந்து எத்தனை நாளாச்சு?”

“ஒம்பது நாள். ஏன் சார்?”

தினமும் ஒரு தடவை. தினமும் யாரோ மண்டியிட்டு உட்கார்ந்து, நான்கு திருகையும் முறுக்கிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். வனமாமலை தன் உத்தியோக காலம் முழுக்க ஒரு போல்ட்டுக்கு ஒரு புள்ளிக்கு மேல் வைத்ததில்லை. நம்பிக்கை செத்துப்போன கைதான் ஒன்பது வைக்கும்.

அவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். மேலே மின்விசிறிக் கொக்கியில் ஒரு பச்சைக் கோடு. சமையல் மேடையில் குக்கர் கைப்பிடித் திருகில் ஒன்று. கேஸ் அடுப்புக் குழாயின் வளையத்தில் ஒன்று.

“ரத்னா.”

“பாத்துட்டேன் சார்,” என்றாள் ரத்னா. “காலையிலேருந்து அவன் அவன்னே சொல்லிக்கினு இருந்தோம். இதுவும் பாக்காம போட்ட கையெழுத்துதான்.”

“நான்தான் சார் போட்டேன், சும்மா, பொழுது போகாம…” என்று சண்முகசுந்தரம் ஆரம்பித்தான்.

“நீங்க இருங்க,” என்றது உள்ளே ஒரு குரல்.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அவன் மனைவி வந்தாள். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, இறுக்கிக் கட்டிய கொண்டை. வேலைக்குக் கிளம்பி நின்றவள். சட்டைப் பையில் பச்சை மூடி போட்ட மார்க்கர் தெரிந்தது. அட்டையில் கனகலட்சுமி என்று இருந்தது.

“உனக்கு எந்த ஊரு தாயி?” என்று கேட்டார் வனமாமலை. கேள்வி அவருக்கே எதிர்பாராமல் வந்தது.

“ஆழ்வார்குறிச்சி.”

“நமக்கும் அந்தப் பக்கம்தான், நாங்குநேரி. உக்காரு.”

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நினைத்தாளோ என்னவோ.

“தினம் நூத்தி எண்பது டர்போ என் கை வழியாப் போகுது அண்ணாச்சி. அஞ்சு வருஷம். அதுல ஒண்ணு கூட ஒரு வண்டியில ஓடி நான் பாத்ததில்ல. பெட்டியில போட்டு அனுப்பிருவாங்க. இவங்க வண்டியில பழசு போயிட்டுன்னதும், புதுப்பேட்டையில இந்தப் பெருசு குறைஞ்ச விலைக்கு வந்துது. நாந்தான் வாங்கச் சொன்னேன். நான் பூட்டுனது ஓடுறதை ஒரு தடவை பாத்துரணும்னு ஆசை.”

“தணிகாசலம் வேண்டாம்னாரே.”

“அதுதான் எனக்குப் பொறுக்கலை. நாள் பூரா இதையே பூட்டுதவ நான். எனக்குத் தெரியாததா ஒரு ஷெட்டுக்காரருக்குத் தெரியப் போகுதுன்னு. நாலு நாள் காலையில வீட்டுப் பின்னாடி வச்சு நானே பூட்டுனேன். அவர் சொன்னதுதான் சரி அண்ணாச்சி. நான் டர்போவைத்தான் படிச்சிருந்தேன். எஞ்சினைப் படிக்கலை.”

“கடைசி போல்ட்டு?”

கனகலட்சுமியின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த மார்க்கருக்குப் போனது.

“அன்னைக்கு ஒரு மணிக்கு பஸ் ஹாரன் அடிச்சிட்டு. ஒரு நிமிஷம் கூட நிக்க மாட்டாங்க. எண்ணெய்க் குழாய் போல்ட்டு ஒண்ணுதான் பாக்கி. கையால திருகி வச்சேன். டிக் கேக்கலை. அதனால கோடு போடலை. அப்படியே ஓடிட்டேன்.”

“புருஷன்ட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?”

“கோடு போடலைல்லா, அதே சொன்ன மாதிரின்னு நினைச்சிட்டேன். எங்க லைன்ல யாரும் வாயால சொல்ல மாட்டோம். கோடு இல்லாத போல்ட்டை அடுத்த ஷிப்ட்டுக்காரங்க தாண்டிப் போகவே மாட்டாங்க. அஞ்சு வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல.” அவள் மார்க்கர் மூடியைத் திருகினாள். “வீட்டுல அடுத்த ஷிப்ட்டு கிடையாதுன்னு எனக்குத் தோணவே இல்ல.”

“எனக்குக் கோடும் தெரியாது, ஒண்ணும் தெரியாது சார்,” என்றான் சண்முகசுந்தரம், தரையைப் பார்த்து. “அவ பூட்டுனான்னா சரியா இருக்கும்னு பானெட்டை மூடிட்டு எடுத்துட்டேன். அவ வாரதுக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்து, ஃபோன்ல வீடியோ பிடிச்சு வைப்போம், ஷிப்ட் முடிஞ்சு வந்து பாத்தா சந்தோசப்படுவான்னு…”

வெளியே யாரோ குழாயடியில் குடத்தை இழுக்கும் சத்தம்.

“ஆறு மணி பிரேக்குல லாக்கரைத் திறந்தா ஃபோன் பூராவும் மிஸ்டு கால்,” என்றாள் கனகலட்சுமி. “ஆஸ்பத்திரியில போலீஸ் கேட்டதும் இவங்க என்னைச் சொல்ல மாட்டாம, வாய்க்கு வந்த பேரைச் சொல்லிட்டாங்க. மூணு நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். தெரிஞ்ச அன்னைக்கே நான் ஸ்டேஷனுக்குப் போயிருக்கணும். போகலை. வேலை போயிரும், என்னை உள்ள வச்சிருவாங்க, இவங்களுக்கு யாரு சோறு போடுவா… ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைச்சுது. ஸ்டேஷனுக்குப் போகாம அந்த அக்கா வாசல்ல பன்னு கொண்டுபோய் மாட்டினேன்.”

“அவங்க பிரிக்கல,” என்றாள் ரத்னா.

கனகலட்சுமி அவளைப் பார்த்தாள்.

“எல்லாம் அப்படியே தொங்கிக்கினு கீது. பேர் சொல்லாம குடுத்தா எறங்காதாம்.”

அதுதான் அவளை உட்கார வைத்தது. சுவரோடு சரிந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சண்முகசுந்தரம் வனமாமலையின் கையைப் பிடித்தான். “சார், நான் பூட்டுனேன்னு எழுதிக்கிடுங்க சார். சுப்பராயன் காலை எடுத்தவன் நான்தான. நானே போறேன். அவளை விட்டுருங்க.”

நாங்குநேரிக்காரர் அந்தக் கையை உடனே விடுவித்துக்கொள்ளவில்லை. எழுதிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? தணிகாசலம் வெளியே வந்துவிடுவான், இந்தப் பெண்ணும் தப்பிப்பாள். ஆனால் பார்க்காமல் ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டவர், இப்போது பார்த்துவிட்டு இன்னொன்றுக்குப் போடுவதா?

“உன் மேல உள்ளது உனக்கு இருக்கு தம்பி. பொய் சொன்னே, ஓட்டுனே. அவளோடதை நீ வாங்கிக்கிட முடியாது. என்னோடதையும் யாரும் வாங்கிக்கிட முடியாது.” பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். “இப்பவே வக்கீலுக்கு எழுதுதேன். முதல் வரியில நீங்க ரெண்டு பேரும் இல்ல. நான்தான் இருக்கேன். ‘வாகனத்தைத் திறந்து பார்க்காமல் அறிக்கை கொடுத்தேன், அதைத் திரும்பப் பெறுகிறேன்’னு. இதுக்கப்புறம் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் என்னைக் கூப்பிடாது. கூப்பிடாம இருக்கட்டும்.”

“அப்போ நானும் பழையபடி பன்னு திருடனப் புடிக்கப் போறேன்,” என்றாள் ரத்னா. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஹாரன் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

கனகலட்சுமி தலையைத் தூக்கினாள். அஞ்சு வருஷப் பழக்கம், கால் தானாக எழுந்துகொண்டது. வாசல்வரை போனவள் அங்கே நின்றாள். திரும்பி வந்தாள். வாக்கருக்கு முன்னால் மண்டியிட்டு, நான்கு திருகையும் விரலால் ஒரு தடவை திருகிப் பார்த்தாள். மார்க்கரை எடுத்தாள். புள்ளி வைக்கவில்லை. புருஷன் கையில் அதைக் கொடுத்தாள்.

“தினம் ஒரு தடவை பாத்துக்கிடுங்க. நான் இருக்க மாட்டேன். வாயால சொல்லிட்டேன்.”

அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். தலையை ஆட்டினான்.

“எங்கம்மா போவணும்? ஸ்டேஷனுக்கா?” என்று ரத்னா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

“மொதல்ல வடக்குப்பட்டு. அந்த அக்காகிட்ட மொகத்தைக் காட்டணும். அப்புறம் ஸ்டேஷன்.”

“அவங்க அடிச்சாலும் அடிப்பாங்க.”

“அடிக்கட்டும்.”

“ரத்னா, நீ கூட்டிட்டுப் போ,” என்றார் வனமாமலை. “நான் ஷேர் ஆட்டோவுல பின்னாலயே வாரேன்.”

மூவரும் தெருவுக்கு வந்தார்கள். கம்பெனி பஸ் எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு நிமிஷம் நிற்க மாட்டேன் என்ற பஸ், இன்றைக்கு இரண்டு நிமிஷமாக நிற்கிறது. சீருடைப் பெண்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“இன்னா கனகா, ஏறு! உனக்காவத்தான் நிக்கறேன்.”

அவள் பஸ்ஸின் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“நான் வரலண்ணே. நீங்க போங்க.”

“ஏம்மா, லீவா? மேல எழுதிக் குடுத்தியா?”

“இல்லண்ணே. ஒரு வேலை பாதியில நிக்குது. முடிச்சிட்டு வாரேன்.”